ஆறில் நிற்காத முள்

திருநகரில் வீடு கட்ட வரைபடம் வாங்கி வந்து தரையில் விரித்தபோது என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பூஜை அறை எந்தத் திசை, சமையல்கட்டில் ஜன்னல் உண்டா என்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம்.

"பைப்பு எந்தச் சுவத்துக்குள்ள போகுது?"

வரைபடம் போட்டுக் கொடுத்த இன்ஜினியரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். அவர் எங்கள் வாடகை வீட்டைப் பார்த்ததில்லை.

தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒன்பது வருஷம் குடியிருந்தோம். படுக்கையறைச் சுவர் ஒன்று சித்திரை வெயிலிலும் நனைந்தே இருக்கும். வீட்டுக்காரர் அதற்கு வருஷத்துக்கு ஒரு காரணம் வைத்திருந்தார். முதல் வருஷம் மழை. இரண்டாவது வருஷம், நாங்கள் தரையை அளவுக்கு மீறித் துடைக்கிறோம். மூன்றாவது வருஷம், "புதுச் சுவர் சார், மூச்சு விடுது" என்றார். அந்த வீடு அவருடைய தாத்தா கட்டியது. கடைசியில் பீரோவின் முதுகு துருப்பிடித்து ஓட்டை விழுந்து, உள்ளே இருந்த என் மனைவியின் கல்யாணப் பட்டில் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு வட்டம் பதிந்துவிட்டது. அவள் புடவையை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்காரர் வாசலில் முழு நீளத்துக்கும் விரித்துப் போட்டுவிட்டுத் தபால் ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டாள். மறுநாளே ஆட்கள் வந்து சுவரை உடைத்தார்கள். உள்ளே, குழாய் திரும்புகிற மூலையில் ஓர் எல்போ. அதன் மரையில் ஒழுகாமல் இருக்கச் சுற்றும் சணல் ஒரு இழைகூட இல்லை. யாரோ கையாலேயே திருகி, மேலே சிமெண்டைப் பூசி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆகவே, எங்கள் வீட்டுக்குப் பிளம்பர் பார்த்தபோது மாப்பிள்ளை பார்ப்பதைவிட அதிகமாக விசாரித்தோம். காஜிமார் தெருப் பக்கத்திலிருந்து ஒரு பாய் அமைந்தார். ஐம்பது வயதிருக்கும். சத்தமாகப் பேசமாட்டார். இடுப்பில் லுங்கி மடிப்பில் எப்போதும் ஒரு பிடி சணல் செருகியிருக்கும். வந்த அன்றைக்கே சொன்னார்:

"சார், சுவத்துக்கு வெளிய இருக்கிற மூட்டு ஒழுகுனா வாளி வெக்கலாம். உள்ள இருக்கிறது ஒழுகுனா கடப்பாரைதான் வெக்கணும். அதனால என் வேலை முடிஞ்சாலும் ஒரு நாள் சும்மா கெடக்கும். அந்த ஒரு நாள் யாரும் என்னை அவசரப்படுத்தக் கூடாது."

என் மனைவி அந்தக் கணமே அவரை நம்பிவிட்டாள். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் என்பதால் அவரிடம் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டு, பிறகு நம்பினேன்.

பாய் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு மரைக்கும் சணலைப் பிரித்து, குழாய் திருகும் திசையிலேயே ஒரே சீராகச் சுற்றி, மேலே வெள்ளைப் பசையைத் தடவி, முறுக்கி இறுக்குவார். இறுக்கியபின் பின்னோக்கி ஒரு இழைகூடத் திருப்பமாட்டார். "திருப்பினா சணல் கோச்சுக்கிரும்" என்பார். சுவரில் வெட்டிய பள்ளத்துக்குள் குழாய் ஆடாமல் இருக்க ஆணிக் கொக்கி அடிப்பார். எல்லாம் முடிந்தபின் ஒவ்வொரு வாயையும் அடைத்து, குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பு ஒன்றை வைத்து அழுத்தம் ஏற்றுவார். பம்போடு கடிகாரம் மாதிரி ஒரு மீட்டர். அதன் முள் ஆறாம் எண்ணில் போய் நிற்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அங்கேயே நிற்க வேண்டும். நின்றால் சுவரைப் பூசலாம். இறங்கினால் எங்கோ ஒரு மூட்டு ஒழுகுகிறது என்று பொருள்.

இதில் கஷ்டம் என்னவென்றால் எங்கள் கொத்தனார். டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக்காரர். கையில் கரண்டி இருக்கும்போது எதிரே பூசாத சுவர் இருந்தால் அவருக்குத் தாங்காது. போதாததற்கு என் மச்சான் புதுமனைப் புகுவிழாவுக்கு முகூர்த்தம் குறித்து, பத்திரிகையும் அடித்து, பாதிப் பேருக்குக் கொடுத்தும் முடித்திருந்தார். பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"சார், இன்னைக்கிப் பூசுனாத்தேன் காயும். அம்புட்டுதேன் சொல்லிப்புட்டேன்" என்றார் கொத்தனார்.

"ஒரு நாள்தான" என்றேன்.

அன்று சாயங்காலம் பாய் தண்ணீர் நிரப்பினார். மேல்மாடிக் குளியலறையில், எல்லாவற்றுக்கும் உயரமான இடத்தில், கைப்பிடி வைத்த பழைய பித்தளைக் குழாய் ஒன்றை மட்டும் மாட்டி வைத்திருந்தார். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறுவதற்காக. காற்று போனதும் அதை மூடினார். கீழே வந்து பம்பை அடித்தார். முள் ஏறி ஆறில் நின்றது.

"இனி தண்ணி பைப்புக்குள்ள அப்படியே நிக்கணும் சார். ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது."

"எனக்குச் சொல்றீங்களா பாய்?" என்றேன் சிரித்தபடி. அந்த வாரம்தான் பிளஸ் ஒன் வகுப்பில் திரவங்களின் அழுத்தம் நடத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மொபெட்டில் போனேன். புதுச் சுவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. ஊற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். முதலில் மீட்டரைப் பார்த்தேன். ஆறு. மனசு குளிர்ந்துவிட்டது. சுவர்களை நனைத்தேன். கிளம்புமுன் மாடிக்கும் போய் ஒரு நோட்டம் விட்டேன். பிறகு பள்ளிக்கூடம்.

சாயங்காலம் வந்தால் பாய் மீட்டருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முள் கீழே பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துக் கிடந்தது.

"பத்து மணிக்கு வந்தேன் சார். இப்படித்தான் இருக்கு."

"அதெப்படி? காலைல ஆறு மணிக்கு நான் என் கண்ணால பாத்தேன். ஆறுல நின்னுச்சு."

"அப்போ ஆறுலருந்து பத்துக்குள்ள போயிருக்கு. இவ்வளவு வேகமா எறங்கியிருந்தா எங்கயாவது பீச்சி அடிச்சிருக்கணும். சுவரெல்லாம் தடவிப் பாத்துட்டேன். நீங்க ஊத்துன தண்ணி போக வேற ஈரமே இல்ல." அவர் எல்லோரையும் பார்த்தார். "யாராச்சும் தண்ணி எடுத்தீங்களா?"

கொத்தனார் இல்லை என்றார். சித்தாள்கள் இல்லை என்றார்கள். நானும் இல்லை என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன்.

பாய் எல்லா அடைப்புகளையும் இன்னொரு தரம் இறுக்கி, மறுபடி பம்பு அடித்து, மறுபடி ஆறில் நிறுத்திவிட்டுப் போனார். மறுநாள் காலை நான் வந்தபோது ஆறு. பத்து மணிக்குப் பாய் வந்தபோது பூஜ்யம்.

அன்று அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தேன். மனைவியும் வந்துவிட்டாள். கொத்தனாருக்கு இப்போது ஒரு கட்சி கிடைத்துவிட்டது.

"இந்த மிசினு சரியில்ல சார். எங்கூர்ல எம்புட்டு வீடு கட்டியிருக்கேன், ஒருத்தரும் இப்பிடி முள்ளப் பாத்துக்கிட்டு ஒக்காரல. தண்ணி வந்தா வீடு, அம்புட்டுதேன்."

பாய் மேல் குளியலறைக்குப் போகும் குழாயைச் சுவரோடு சுவராகத் தடவிக்கொண்டே போனார். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு முழ நீளம் மட்டும் சுவர் வழவழவென்று இருந்தது. தட்டிப் பார்த்தார்.

"இங்க பள்ளம் வெட்டியிருந்தேனே. யாரு பூசுனது?"

கொத்தனார் வெளியே மணல் குவியலைப் பார்த்தார். "சும்மா கையில கொஞ்சம் கலவ மிச்சம் இருந்துச்சு."

அந்த இடத்தை உடைத்தார்கள். உள்ளே ஒரு எல்போ. பாய் விரலால் தொட்டார், நான் தொட்டேன், என் மனைவி முந்தானை நுனியால் தொட்டுப் பார்த்தாள். பாலைவனம் மாதிரிக் காய்ந்து கிடந்தது.

அப்போது நாங்கள் இருவரும் ஜன்னல் ஓரமாகத் தள்ளிப்போய்ச் சண்டை போட்டுக்கொண்டோம். எங்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம். வெளியாட்கள் முன்னால் பேசக் கூடாததையெல்லாம் அதில் பேசிக்கொள்வது எங்கள் இனத்தாருக்குப் பெரிய வசதி. 'பாய் நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் பழைய சணலைப் போட்டிருக்கிறார்' என்றேன் நான். 'கை நடுங்குகிற வயசு வேறு, மூட்டு சரியாக இறுகவில்லை' என்றும் சொன்னேன். 'உங்களுக்கு ஆள் பார்க்கவே தெரியாது' என்றாள் அவள். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தது அவள்தான்.

பாய் எழுந்தார். கையிலிருந்த சணலை என்னிடம் நீட்டினார். நீட்டிக்கொண்டே, எங்கள் மொழியிலேயே, என் மாமனாரைவிடச் சுத்தமான உச்சரிப்பில், அது போன வாரம் வாங்கிய புதுச் சணல் என்றும், தன் கை இதுவரை நடுங்கியதில்லை என்றும் சொன்னார்.

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"நான் பொறந்து வளந்தது மஹால் பக்கம் சார்" என்றார் தமிழுக்குத் திரும்பி. "சுத்தியும் உங்க ஆளுங்க சாயப்பட்டறைதான். தமிழுக்கு முன்னாடி எனக்கு அதான் வந்துச்சுன்னு எங்க அம்மா சொல்லும்." பிறகு என் மனைவியைப் பார்த்தார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிடுவார். "தங்கச்சி, ஒரு நாள் குடுங்க. நாளைக்கி நான் காலைல தொழுதுட்டு நேரா இங்க வாரேன். இந்த முள்ளு எப்படி விழுதுன்னு பக்கத்துலயே உக்காந்து பாக்குறேன்."

அன்றும் பம்பு அடித்து ஆறில் நிறுத்திவிட்டுப் போனார். மறுநாள் நான் போனபோது சொன்னபடியே பாய் மீட்டருக்கு எதிரே ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டு, பக்கத்தில் ஒரு பொட்டலம் வறுக்கி. முள் ஆறில் நின்றது.

"நிக்குது சார். பாருங்க. மயிரிழைகூட அசையல."

"நல்லது பாய். பாத்துக்கிட்டே இருங்க, கண்ண எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்களை நனைத்தேன். வழக்கம்போல மாடிக்குப் போனேன்.

கீழிருந்து ஒரு அலறல்.

"யா அல்லா! விழுந்துருச்சு! சார்! முள்ளு விழுந்துருச்சு!"

எனக்கும் பதறிவிட்டது. "எங்க பாய்? எங்க ஒழுகுது?" என்று கத்திக்கொண்டே படிகளில் இறங்கினேன். அவர் அதே வேகத்தில் ஏறினார். மாடிப்படியில் இரண்டு பேரும் மோதிக்கொண்டோம். "மேல பாருங்க, நான் கீழ பாக்குறேன்" என்று நான் சமையல்கட்டுக்கு ஓடி ஒவ்வொரு மூட்டாகத் தடவினேன். மேலே அவர் நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றுவிட்டது.

"சார், கொஞ்சம் மேல வாங்க."

போனேன். பாய் குளியலறையில் அந்தப் பித்தளைக் குழாயின் அடியில் குனிந்து நின்றார். தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"இங்க ஈரமா இருக்கே சார்."

"அது ஒண்ணும் இல்ல பாய். அது லீக் இல்ல. அது நான் திறந்தது."

"திறந்தீங்களா?"

"தண்ணி இருக்கான்னு பாத்தேன். லேசாத் திறந்தேன், ஒரு கை தண்ணிகூட வராது. உடனே மூடிட்டேன். தினமும் அப்படித்தான்…"

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வகுப்பறைக் கரும்பலகை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. மூடிய பாத்திரத்தில் திரவத்தைச் சுருக்க முடியாது. ஆகவே அதில் ஒரு மடக்கு வெளியேறினாலும் அழுத்தம் முழுவதும் இறங்கிவிடும். பன்னிரண்டு வருஷமாக இதைச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். எழுதாத பையன்களை வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

பாய் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். துண்டுக்குப் பின்னால் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"நான் கேட்டேனே சார், யாராச்சும் தண்ணி எடுத்தீங்களான்னு."

"நான் எடுக்கல பாய். பாத்தேன்."

எட்டு மணிக்குக் கொத்தனார் வந்தார். அவரிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம், நான் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் தெரு முனை டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "என்ன சார், தண்ணி வருதா?" என்று கேட்டார். மனைவியிடம் நானே சொல்லிவிடுவது மேல் என்று தபால் ஆபீசுக்கே போய்ச் சொன்னேன். ஸ்டாம்பு வாங்க நின்ற வரிசையைக் காக்க வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். "சாவியக் குடுங்க" என்றாள். புது வீட்டுச் சாவிகளில் என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். "நாளைக்கி சுவத்துக்கு நான் தண்ணி ஊத்திக்கிறேன்."

பாய் பித்தளைக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாலாவது முறையாகப் பம்பு அடித்து ஆறில் நிறுத்தினார்.

மறுநாள் முள் ஐந்தரையில் நின்றது.

இதுதான் என் வாழ்க்கையின் சோதனையான நாள் என்று சொல்வேன். கூப்பிட்டனுப்பும்வரை நான் அந்தப் பக்கமே போகவில்லை. போகவில்லை என்று சொன்னால் நம்புவதற்கு ஒரு ஆள் இல்லை. கொத்தனார், "சார் இன்னைக்கிக் கொஞ்சமாப் பாத்திருக்காரு" என்றார். சித்தாள்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எங்கள் மொழியில், உண்மையைச் சொல்லுங்கள், கோபிக்கமாட்டேன் என்றாள். பாய் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற ஞாபகமே அவளுக்கு இல்லை.

"கைப்பிடி பாய் பையில இருக்கு" என்றேன். "பல்லால கடிச்சா திறந்தேன்?"

"செய்வீங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்குள் இருந்த வாத்தியாருக்கு ரோஷம் வந்தது. மீட்டரைக் காட்டினேன். "நான் திறந்தா பூஜ்யத்துக்குப் போகும். மூணு நாளும் அப்படித்தான் போச்சு. இன்னைக்கி அரைதான் எறங்கியிருக்கு. திறந்தா அரையோட நிக்காது. இது கசிவு. ரொம்பச் சின்னக் கசிவு. ஒரு ராத்திரிக்குச் சில சொட்டு. கண்ணுக்குத் தெரியாது. காலைக் குளிருக்குக் கொஞ்சம் எறங்கும்தான், ஆனா அரை எறங்காது."

பாய் முள்ளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார் சொல்றது ஞாயம்" என்றார் மெதுவாக.

அன்று காலை வந்த பேப்பரையும் கொத்தனார் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்த பேப்பரையும் சேர்த்துக் கிழித்து, ஈரம் பட்டால் தெரியட்டும் என்று ஒவ்வொரு மூட்டிலும் இறுக்கிச் சுற்றி நூலால் கட்டினோம். வீடு முழுவதும் காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. மறுபடி ஆறில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். மத்தியானம் தாண்டி பாய் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து விரலால் நீவிப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பின்னாலேயே போனேன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. சமையல்கட்டுத் தொட்டிக்கு மேலே இருந்த எல்போவில் கட்டியிருந்த பேப்பரில், ஒரு சினிமா விளம்பரத்தின் ஓரத்தில், மூக்குத்தி அளவு ஈரம்.

பாய் அதை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இப்போது அவர் முறை.

"இது நான் போட்டதுதான் சார்" என்றார். யாரும் கேட்காதபோதே. "இதைப் போடும்போது முறுக்கு ஒரு அரைச் சுத்து கூடிருச்சு, வளைவு சுவத்துக்கு நேரா வரல. கொஞ்சம் பின்னாடி திருப்பினேன். எனக்குத் தெரியும். சரி, இம்புட்டுதானன்னு விட்டுட்டேன். மூணு நாளா ஏத்தி எறக்குனதுல இப்பத்தான் தளந்திருக்கு." அவர் குரலில் இருந்த வருத்தம் என்னை என்னவோ செய்தது. நான் மூன்று நாள் செய்ததைவிட அவர் அரைச் சுற்றில் செய்தது அவருக்குப் பெரிதாக இருந்தது.

"அதுக்குத்தான பாய் இந்த ஒரு நாள் வெக்கிறோம்" என்றாள் என் மனைவி.

அவர் அந்த மூட்டைக் கழற்றி, பழைய சணலை முழுக்கச் சுரண்டி எடுத்து, மரையைத் துடைத்து, புதிதாகச் சுற்றி, இந்தத் தடவை வளைவு நேராக வரும் இடத்தில் சரியாக நிறுத்தி முறுக்கினார். ஆறில் ஏற்றினார். முழுசாக ஒரு நாள், ஆறு ஆறாகவே இருந்தது. கொத்தனார்கூட இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். "நிக்கிதுல்ல" என்றார், ஏதோ தானே பிடித்து நிறுத்தியிருப்பதுபோல்.

அதன்பிறகு அவர் பூசிய வேகத்தைச் சொல்லி முடியாது. இருந்தாலும் நாள் போதவில்லை. முகூர்த்தத்தன்று சமையல்கட்டுச் சுவரும் மாடிப்படிச் சுவரும் ஈரமாகவே இருந்தன. முகூர்த்தம் குறித்த என் மச்சான் வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, களைப்பில் மாடிப்படிச் சுவரில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். அவருடைய பட்டுச் சட்டையின் முதுகு சிமெண்டில் அச்சாகப் பதிந்துவிட்டது. சட்டையிலும் சுவர் பதிந்தது. கொத்தனார் மறுநாள் அந்த இடத்தைச் சரிசெய்ய வந்து, "முதுகு நல்ல அகலம் சார்" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தார்.

வருஷங்கள் போயின. அந்தச் சுவர்களில் ஒன்றுகூட நனையவில்லை. மழைக்காலத்தில் அக்கம்பக்கத்து வீடுகளில் சுண்ணாம்பு உதிரும்போது என் மனைவி சமையல்கட்டுச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொள்வாள். எங்கள் பக்கத்திலும் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கத்திலும் புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருந்தன. பாய்க்கு வேலைக்குக் குறைவில்லை. பரிசோதனைக்கு ஒரு நாள் தரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் வீட்டுக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

"இந்த சார் இயற்பியல் வாத்தியார். இவர் சொன்னாக் கேளுங்க" என்று உட்கார வைப்பார். நான் அழுத்தம், மரை, சணல் என்று ஆரம்பிப்பேன். பாய் பவ்வியமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சார், அந்த மூணு நாள் கதையையும் சொல்லிருங்க" என்பார். சொல்லித்தான் ஆக வேண்டும். நான் விட்டுவிட்ட இடங்களைச் சமையல்கட்டிலிருந்து மனைவி எடுத்துக் கொடுப்பாள்.

ஒரு தடவை அப்படி ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் பேங்க்கில் வேலை. மனைவி வாய் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு கேட்டார். இவ்வளவு கவனமாகக் கேட்கிறாரே என்று நானும் உற்சாகமாகி, அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதுவரை ஒரு தாளில் படம் போட்டு விளக்கினேன். முடித்ததும், "ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்கம்மா" என்றேன்.

"இருக்கு சார்" என்றார் அந்த அம்மாள். எழுந்து எனக்குப் பின்னால் சமையல்கட்டு வாசலைக் காட்டினார். "அந்த டைல்ஸ் எங்க வாங்குனீங்க?"

என் மனைவி அவரைக் கையோடு உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நானும் பாயும் பேங்க்காரரும் வெளியே உட்கார்ந்து டீ குடித்தோம்.